சைடுலோடிங்: நேராக நிறுவுவதற்கு ஏன் இந்தப் பெயர்?

பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டும் தமிழில் நன்றாக நிலைத்துவிட்டன, ஏற்றமும் இறக்கமும் அதிலேயே இருக்கின்றன. சைடுலோடிங் என்று வரும்போதுதான் தடுமாற்றம். 'பக்கவாட்டு ஏற்றம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சரக்கு வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

இன்றைய பொருள் இதுதான்: போனோடு வரும் ஆப் ஸ்டோரை விட்டுவிட்டு, செயலியின் கோப்பை வேறு இடத்திலிருந்து எடுத்து நாமே நிறுவிக்கொள்வது. ஆண்ட்ராய்டில் அது ஏபிகே கோப்பு.

ஆனால் இந்தச் சொல் போனுக்காகப் பிறந்ததே இல்லை. 1990களின் இறுதியில் ஐ-டிரைவ் என்ற இணையச் சேமிப்புச் சேவை இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இணையத்தில் இருக்கும் ஒரு கோப்பை முதலில் நம் கணினிக்கு இறக்கி, மறுபடி சேமிப்பகத்துக்கு ஏற்றாமல், அங்கிருந்து நேராகச் சேமிப்பகத்துக்கே அனுப்புவதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக இணையம் வந்த டயல்-அப் காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்! அப்புறம் எம்பி3 பிளேயர் பரவியது, யுஎஸ்பி கேபிளிலும் மெமரி கார்டிலும் புளூடூத்திலும் ஒரு கருவியிலிருந்து பக்கத்துக் கருவிக்குப் பாட்டை மாற்றுவதற்கு இதே சொல் ஒட்டிக்கொண்டது. மேலே சர்வர், கீழே நாம், பக்கத்தில் இன்னொரு கருவி: 'சைடு' அங்கே பொருத்தமாகவே இருந்தது.

2008இல் ஆப் ஸ்டோர்கள் வந்தபிறகுதான் பொருள் திரிந்தது. ஸ்டோர் வழி 'இயல்பான வழி' ஆகிவிட்டதால் மற்ற எல்லாமே பக்கவழி ஆயின. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸிலும் ஸ்டோருக்கு வெளியே உள்ள இடங்களை 'அறியப்படாத மூலங்கள்' என்றுதான் எழுதியிருந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த தளத்திலிருந்து எடுத்தாலும் அது அறியப்படாததுதான். கணினியில் விஎல்சி பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து நிறுவினால் யாராவது சைடுலோடிங் என்கிறார்களா? வெறும் நிறுவல்தான்.

2025 ஆகஸ்டில் கூகுள், தன்னிடம் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்ட டெவலப்பர்களின் செயலிகளை மட்டுமே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ முடியும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் இது தொடங்கும் என்று அறிவித்ததும் சண்டை சொல் மீதும் திரும்பியது. சந்தேகத்தைக் கிளப்பவே உருவாக்கிய சொல் இது என்றது கட்டற்ற மென்பொருள் களஞ்சியமான எஃப்-டிராய்டு. பிறப்பைப் பற்றி அவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை, மேலே பார்த்தபடி அது களங்கமில்லாமல்தான் பிறந்தது. இன்றைக்கு அது செய்யும் வேலையைப் பற்றி அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. போலி வங்கிச் செயலியை லிங்க்கில் அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த ஆபத்து உண்மை, எச்சரிக்கையும் வேண்டும். அந்த எச்சரிக்கை, செயலியை அனுப்புகிற ஆளைப் பற்றியதாக இருக்கட்டும். சொந்த போனில் விரும்பிய செயலியை நிறுவுவதே குறுக்குவழி என்று தொனிக்கும் ஒரு சொல்லை நாம் ஏன் தமிழுக்கும் கொண்டுவர வேண்டும்?

அதனால் 'பக்கநிறுவல்', 'புறவழி நிறுவல்' இரண்டுமே எனக்கு வேண்டாம், இரண்டிலும் அந்தக் கறை கூடவே வருகிறது. நேரடி நிறுவல் என்று சொல்லலாம், வினையாக 'ஏபிகேவை நேரடியாக நிறுவினேன்' என்றால் யாருக்கும் புரியும். இடையில் ஸ்டோர் இல்லை என்பதைத்தான் 'நேரடி' சொல்கிறது, நடப்பதும் அதுதான். பெரும்பாலான இடங்களில் 'நிறுவல்' மட்டுமே போதும். கருவிக்குக் கருவி கோப்பு மாற்றும் பழைய பொருளுக்குப் புதுச்சொல் தேவையில்லை, பரிமாற்றம் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். போனைப் பழுதுபார்க்கும் ரெக்கவரி பயன்முறையில், கணினியிலிருந்து அப்டேட் கோப்பை அனுப்பும் 'ஏடிபி சைடுலோடு' மட்டும் கட்டளையின் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம்.