பதிவேட்டை நம்பாதீர்கள், கரண்ட் பில்லைக் கேளுங்கள்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்வையிடப் போனால் நான் முதலில் கேட்பது கரண்ட் பில்லைத்தான். தண்ணீரின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெங்களூரில் சுற்றுச்சூழல் பொறியாளராக வேலை பார்த்ததில் வந்த பழக்கம் இது. பதிவேட்டில் 'ஏரேட்டர் (கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரம்) 24 மணி நேரமும் ஓடியது' என்று மாதம் முழுக்க ஒரே பேனாவில் எழுதியிருக்கும். யூனிட் கணக்கைப் போட்டால் பாதி நேரம்கூட ஓடியிருக்காது. காற்று போகாவிட்டால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். உள்ளே வந்த சாக்கடை சாக்கடையாகவே ஏரிக்குப் போகும்.

நகரை ஒட்டிய ஒரு நிலையத்தில் ஆபரேட்டர் கிருஷ்ணகிரிக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் மனம்விட்டுப் பேசினார். "பில் ஏறினா மேல திட்டுறாங்க சார். மோட்டாரை நிறுத்தினா யாரும் கேக்கறதில்ல." கட்டுவதற்கு மானியம் வருகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. ஓட்டும் செலவை மட்டும் நகராட்சி தன் வருமானத்தில்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் சட்டம் வழுக்குகிறது.

1974-ஆம் வருட நீர்ச் சட்டம் கழிவை நீர்நிலையில் விடக்கூடாது என்று எல்லோருக்கும்தான் சொல்கிறது, மாநகராட்சிக்கு விலக்கில்லை. ஆனால் 2016 மார்ச்சில் பெங்களூரின் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது என்ன ஆனது? கால்வாய் மாநகராட்சியுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது, கண்காணிப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. இப்படி மூன்று கைகளில் இருக்கும் வேலைக்கு யாரைப் பிடிப்பது? அதே ஊரின் பெல்லந்தூர் ஏரி மாசுபட்டதற்காக 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி அபராதம் போட்டது. வேண்டியதுதான். ஆனால் அது நம் வரிப்பணம். மோட்டாரை நிறுத்தச் சொன்னவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் போகாது.

பலன் கொடுத்து நான் பார்த்தது ஒரு சின்ன ஏற்பாடு. ஒரு நகராட்சியின் மாதாந்திரக் கூட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி முடியும் தேதி, அந்த மாத யூனிட், வெளியேறும் நீரின் சோதனை முடிவு, இவற்றுக்குப் பொறுப்பான பொறியாளரின் பெயர் ஆகியவற்றை வாசிக்க வைத்தோம். தன் பெயரைச் சபையில் வாசிக்கக் கேட்டவர் கரண்ட் பில்லுக்கு நிதி கேட்டு எழுத ஆரம்பித்தார்.

இதை நீங்களும் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்கு 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடகத்தில் என்றால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். 'ஏரி ஏன் நாறுகிறது' என்று கேட்டால் 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்று வரும். நகல் கேளுங்கள்: ஒரு வருடக் கரண்ட் பில், அதே மாதங்களின் பதிவேடு, மோட்டார்களின் குதிரைத்திறன். 10 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் மணிக்குக் குறைந்தது ஏழரை யூனிட் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் மாதம் குறைந்தது 5,400 யூனிட். பில்லில் அதில் பாதிகூட இல்லையென்றால் பில், பதிவேடு இரண்டின் நகலையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். சீல் வைத்த ரசீது வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.