காப்பீட்டு அட்டை இருந்தும் முன்பணம் கேட்கிறார்களா?

நெஞ்சுவலியோடு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒரு கொத்தனாரின் மனைவி, ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினார். காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்டு செல்லும்மா, ஆனா அப்ரூவல் வர நாளாகும், அதுவரைக்கும் 40,000 கட்டிடுங்க, வந்ததும் திருப்பித் தந்துடுவோம்" என்றார். அந்த அம்மாள் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். பதிலுக்குக் கிடைத்தது முத்திரையோ மருத்துவமனையின் பெயரோ இல்லாத ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. அப்ரூவல் வந்தது, அறுவைச் சிகிச்சையும் நடந்தது, பணம் மட்டும் வரவில்லை. உடன் போயிருந்த நான் அன்றைக்கே புகார் எண்ணை அழைத்திருக்க வேண்டும். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தமிழக அரசின் இந்தத் திட்டத்தின் வரலாறு சுருக்கமானது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. இந்தத் தொகை ஆளுக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

முதல் சிக்கல் வருமானச் சான்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; முன்பு 72,000 ஆக இருந்ததை உயர்த்தியிருக்கிறார்கள். அதாவது மாதம் 10,000. நாள் கூலி 800 ரூபாய் வாங்குபவருக்கு மாதத்தில் 13 நாள் வேலை கிடைத்தாலே வரம்பு தாண்டிவிடுகிறது. இந்த வரம்பை வகுத்தவர்கள் யாருடைய அரிசி விலையைப் பார்த்து வகுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இ-சேவை மையத்தில் "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்கும்போது, வேலை நன்றாக இருந்த மாதத்தின் தொகையைச் சொல்லிவிடுகிறோம், அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஏற்றிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆகவே மாதத் தொகையைச் சொல்லாமல், உண்மையான ஆண்டுக் கணக்கை முன்கூட்டியே போட்டு எழுதிக்கொண்டு போங்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பே கிடையாது. அது தெரியாமல் அவர்களையும் சான்று வாங்கிவர அலையவிடுவது நடக்கிறது.

இரண்டாவது சிக்கல் ரேஷன் அட்டை. கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரில் யாருடைய பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதோ, அவரைக் குடும்ப உறுப்பினராகவே கொள்ள வேண்டும், வேறு ஆதாரம் கேட்கத் தேவையில்லை என்பது விதி. இந்த விதி உங்களுக்குச் சாதகமானது, ஆனால் பெயர் இல்லையென்றால் அதுவே கதவை அடைக்கிறது. மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையில் இருக்கும், குழந்தையின் பெயர் எதிலுமே ஏறியிருக்காது. இது பிரசவ வார்டிலோ விபத்துப் பிரிவிலோ வெளிப்படும்போது பெயர் நீக்கலுக்கும் சேர்த்தலுக்கும் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நடக்க யாருக்கும் நேரமிருக்காது. நோய் வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கையில் இருந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே "கார்டு பிறகு வரும்" என்று சொன்னால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சிகிச்சைக்கு வேண்டியது அந்த எண்தான், அட்டையை இணையத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். "எங்ககிட்ட கலைஞர் கார்டு இருக்கு" என்று பழைய அட்டையை நம்பியிருப்பவர்கள், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993இல் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இனி மருத்துவமனை. வாசலில் திட்டத்தின் பலகை தொங்குவதை மட்டும் பார்த்து நோயாளியைச் சேர்க்காதீர்கள். அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. காது, மூக்கு, தொண்டைக்கு அனுமதி பெற்ற மருத்துவமனைக்கு இருதயத்துக்கு அனுமதி இருக்க வேண்டும் என்பதில்லை. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. சேர்ப்பதற்கு முன் "இந்த நோய்க்கு, இந்த மருத்துவமனையில், இந்தத் திட்டத்தில் உண்டா?" என்று அதே தொலைபேசி எண்ணில் கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. அட்டையைக் கேட்பது காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்காகத்தான்.

முன்பணம் கேட்டால் என்ன செய்வது? திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. முன்அனுமதி தாமதமானால் அது மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரம். எந்த ஆவணத்துக்காக அனுமதி நிற்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்கேன் அறிக்கையோ பெயரில் ஓர் எழுத்துப் பிழையோதான் இருக்கும். கட்டியே தீர வேண்டிய நிலை வந்தால் மருத்துவமனையின் பெயர், தேதி, காரணம் உள்ள ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு பில்லைக் காட்டிக் காப்பீட்டில் திருப்பி வாங்கும் வழி இதில் இல்லை. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே அதே தொலைபேசி எண்ணில் புகாரைப் பதிவுசெய்து புகார் எண்ணை வாங்குங்கள், அது நகராவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்க்கும் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்.

இது ஏதோ ஒரு மருத்துவமனையின் கோணல் மட்டுமல்ல. சத்தீஸ்கரில் வீடுவீடாகக் கணக்கெடுத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் மக்கள் கைக்காசு செலவழிப்பது குறையவில்லை என்று கண்டது. 2023இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கையோ, அந்தத் திட்டத்தின் பதிவேட்டில் 7,49,820 பேர் ஒரே கைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. காப்பீட்டுக்குச் செலவழிப்பதை அரசு மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கலாமே என்று பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் பலர் வாதிடுவதற்கு இதுபோன்ற அனுபவங்களே காரணம். மேலும், இந்த அட்டை வழக்கமான புறநோயாளிச் செலவைத் தொடுவதில்லை. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோதான் நாட வேண்டும்.

சாலை விபத்தானால் இந்த ஓட்டமெல்லாம் முதல் நாளில் வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் தேவையில்லை, எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியும் இல்லை. ஆனால் 49ஆம் மணியிலிருந்து அட்டை கேட்பார்கள். ஒருவர் நோயாளியோடு இருக்கட்டும், காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இன்னொருவர் அந்த இரண்டு நாளுக்குள் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடட்டும்.