டேப் வாங்குறதுக்கு முன்னாடி ரிப்பேர் கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க

கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன், டேப்லெட் சர்வீஸ் கடை வச்சு 13 வருஷம் ஆகுது. போன மாசம் தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, மீன் விக்கிறவங்க. மஞ்சப்பைக்குள்ள துண்டு சுத்தி ஒரு 10 இன்ச் டேப். பொண்ணு பிளஸ் டூ, நீட்டுக்கும் சேர்த்துப் படிக்குது. "தம்பி கண்ணாடி மட்டும்தான்பா போச்சு, படமெல்லாம் நல்லாத் தெரியுது, மாத்திக் குடுத்துடு, புள்ளைக்குப் பரீட்சை வருது"ன்னாங்க. ஓரத்துல ஒரு விரிசல், டச் சுத்தமா எடுக்கல, மத்தபடி டிஸ்ப்ளே பளிச்சுனு இருக்கு. எட்டு மாசம்தான் ஆச்சாம்.

பின்பக்கம் கழட்டிப் பார்த்தேன். இந்த மாதிரி பேர் தெரியாத டேப்ல எல்லாம் மாடல் பேரை வச்சு டச் கிளாஸ் வாங்க முடியாது, கண்ணாடில இருந்து போர்டுக்குப் போற ஸ்ட்ரிப் மேல பொடி எழுத்துல ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், அதைத்தான் பார்க்கணும். அதே கம்பெனி, அதே மாடல் இதுக்கு முன்னாடி ரெண்டு என் டேபிளுக்கு வந்திருக்கு, மூணுலயும் ஸ்ட்ரிப் நம்பர் வேற வேற, ஏன்னா அந்தந்த மாசம் எது மலிவா கிடைக்குதோ அதைப் போட்டு ஒட்டி அனுப்பிடுறாங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எனக்குத் தெரிஞ்ச மூணு கடைக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன், மூணு பேருமே இல்லைன்னுட்டாங்க. கம்பெனி நம்பருக்கு ஃபோன் போட்டா ரிங் போயிட்டே இருக்கு. கிடைக்காதுக்கான்னு சொன்னதும் அவங்க ஒண்ணும் பேசல, துண்டை எடுத்து திரும்ப அதைச் சுத்த ஆரம்பிச்சாங்க. சீட்டு எடுத்த காசு அது.

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சரியா தூக்கம் வரல, அதான் இதை எழுதுறேன்.

டேப் வாங்கப்போற எல்லாரும் என்கிட்ட கேக்குறது ரேம் எவ்ளோ, கேமரா எவ்ளோ, பேட்டரி எத்தனை எம்ஏஹெச். யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, இந்தக் கம்பெனி இன்னும் மூணு வருஷத்துக்கு இந்தத் தொழில்ல இருக்குமா, இருந்தா எனக்கு அப்டேட்டும் உதிரிபாகமும் குடுக்குமா. என்னைக் கேட்டா அதைத்தான் முதல்ல கேக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன் சொல்றேன்னா இந்தத் தொழில்ல எவ்ளோ பெரிய ஆளுங்களே வந்துட்டு ஓடியிருக்காங்கன்னு பாருங்க. 2010 ஜனவரி 27 ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் காட்டினாரு, ஏப்ரல்ல கடைக்கு வந்துச்சு. அதே வருஷக் கடைசில சாம்சங் 7 இன்ச் கேலக்ஸி டேபை இறக்கினாங்க. 2011 ல எல்லாரும் விழுந்தடிச்சு ஓடி வந்தாங்க, மோட்டோரோலா, பிளாக்பெர்ரி, ஹெச்பி. இதுல ஹெச்பி கதைதான் பெருசு. டச்பேடுனு ஒண்ணு 2011 ஜூலை 1 ஆம் தேதி அமெரிக்காவுல விற்பனைக்கு வந்துச்சு, ஆகஸ்ட் 18 ஆம் தேதி நிறுத்திட்டோம்னு அறிவிச்சுட்டாங்க, ரெண்டு மாசம்கூட ஆகல. 499 டாலருக்கு வந்ததை 99 டாலருக்குத் தள்ளினதும் ஜனங்க வரிசைல நின்னு அள்ளிட்டுப் போனாங்க, மலிவுதான், ஆனா அதுக்கு ஆப் எழுதுறவங்க யாரு, உள்ள இருந்த வெப்ஓஎஸ்ங்கிற சாஃப்ட்வேர் பின்னாடி எல்ஜி கைக்குப் போயி இன்னிக்கு அவங்க டிவில ஓடிட்டு இருக்கு. டேப் வச்சிருந்தவன் கதி என்ன? கூகுளையே எடுத்துக்குங்க, 2019 ல இனிமே சொந்தமா டேப் செய்ய மாட்டோம்னு விலகிட்டு 2023 ல பிக்சல் டேப்லெட்டோட திரும்பி வந்தாங்க. அவ்ளோ பெரிய கம்பெனியே அப்படி.

நம்ம நாட்டு ஆகாஷ் டேப் ஞாபகம் இருக்கா? 2011 அக்டோபர் 5 ஆம் தேதி டெல்லில அப்போ மத்திய அமைச்சரா இருந்த கபில் சிபல் வெளியிட்டாரு, டேட்டாவிண்ட் கம்பெனி செஞ்சது, ஸ்டூடண்ட்ஸுக்குனு. 7 இன்ச், 256 எம்பி ரேம், அழுத்தித் தொட்டாத்தான் வேலை செய்யிற ரெசிஸ்டிவ் டச். ஏழைப் புள்ளைங்க கைலயும் ஒரு டேப் இருக்கணும்ங்கிற அந்த எண்ணம் எனக்கு இன்னிக்கும் பிடிக்கும், ஆனா விலையைக் குறைக்கணும்னு குறைச்ச இடமெல்லாம் புள்ளைங்க தினமும் தொடுற இடமாப் போச்சு. நான் கடை ஆரம்பிச்ச சமயத்துல மூவாயிரம் நாலாயிரத்துக்கு ஏகப்பட்ட பேர்ல டேப் வந்துச்சு. சார்ஜிங் பின் லூசாயிடுச்சு, லோகோலயே நிக்குதுன்னு தினம் ஒண்ணாவது வரும். இப்ப அந்தப் பேர்ல முக்காவாசி கிடையாது.

போட்டி இருக்கறது நல்லதுதான், அதை நான் தப்பு சொல்லல. போட்டி இல்லேன்னா இவ்ளோ விலை இறங்கியிருக்காது. ஆனா போட்டில தோத்தவன் போகும்போது டிஸ்ப்ளே, பேட்டரி, சாஃப்ட்வேர் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுறான், நம்ம கைல இருக்கறது வெறும் பலகை. அதனால இப்ப ஆப்பிள், சாம்சங், லெனோவோ, ஷாவ்மி மாதிரி பல வருஷமா நிக்கிறவங்ககிட்ட வாங்குங்கன்னு சொல்றேன், எனக்கு எவனும் கமிஷன் குடுக்கல, பார்ட்ஸ் கிடைக்கிறதை வச்சுச் சொல்றேன்.

அப்டேட் விஷயம் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். 2014 ல வந்த ஐபேட் ஏர் 2 வாங்கும்போது அதை ஓட்டுற சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 8, அதுக்கு 2021 ல வந்த ஐபேட்ஓஎஸ் 15 வரைக்கும் குடுத்தாங்க. அதே ஆப்பிள்தான் 2010 ல வந்த முதல் ஐபேடை ஐஓஎஸ் 5 ஓட விட்டாங்க, அதனால பேரை மட்டும் நம்பாதீங்க, மாடலைப் பாருங்க. சாம்சங் 2024 ல வந்த டேப் எஸ் 10 வரிசைக்கு 7 வருஷம் அப்டேட்னு வாக்கு குடுத்திருக்காங்க, ஆனா அதே கம்பெனில விலை குறைஞ்ச மாடலுக்கும் அவ்ளோ வருஷம்தான்னு நாமளா நினைச்சுக்கக் கூடாது, மாடல் பேரைப் போட்டு கம்பெனி சைட்லயே பார்த்துடுங்க. இன்னொண்ணு, இந்த வருஷக் கணக்கு நீங்க வாங்கின தேதில இருந்து இல்ல, அந்த மாடல் வெளிவந்த தேதில இருந்து ஓடுது. தீபாவளி ஆஃபர்ல பாதி விலைக்குக் குடுக்கறாங்கன்னா அது மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த சரக்கான்னு பாருங்க. அப்டேட் நின்னுட்டா உடனே டேப் செத்துடாது, ஆனா கொஞ்ச நாள்ல பேங்க் ஆப் ஏறாது, அப்புறம் புள்ளையோட கோச்சிங் ஆப் "உங்க டிவைஸ் சப்போர்ட் பண்ணாது"ன்னு சொல்லும், அன்னிக்குத்தான் என் கடைக்கு வருவீங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது.

மலிவு டேப்ல இன்னொரு ஏமாத்து வேலை நடக்குது. ஸ்டிக்கர்ல 8 ஜிபி ரேம்னு இருக்கும், செட்டிங்ஸ்லயும் 8 னு காட்டும், நான் கழட்டி சிப் நம்பரைப் பார்த்தா 2 ஜிபி. செட்டிங்ஸ்ல காட்டுறதையே மாத்தி எழுதி வச்சிருக்கான். கடைல வாங்கும்போது ப்ளே ஸ்டோரைத் திறந்து செட்டிங்ஸ்ல அபௌட் போங்க, டிவைஸ் சர்டிஃபைடுனு, அதாவது கூகுள் ஒத்துக்கிட்ட டேப்னு, இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா அங்கயே வச்சுட்டு வந்துடுங்க.

கண்ணாடி பத்தியும் சொல்லிடறேன், புள்ளைங்க கைல முதல்ல போறது அதுதான். சில டேப்ல மேல இருக்கற டச் கிளாஸும் உள்ள இருக்கற டிஸ்ப்ளேவும் தனித்தனி, நடுவுல துளி இடைவெளி இருக்கும், கிளாஸ் உடைஞ்சா கிளாஸை மட்டும் மாத்தலாம். சிலதுல ரெண்டையும் சேர்த்து ஒட்டியிருப்பாங்க, உடைஞ்சா காம்போ முழுசா மாத்தணும், செலவு எங்கயோ போயிடும். சாதா ஐபேட்ல, 9 ஆவது, 10 ஆவது தலைமுறை ரெண்டுலயும், தனித்தனிதான். இப்ப வர்ற ஐபேட் ஏர், ப்ரோல எல்லாம் ஒட்டினது. ஒட்டினதுல படம் இன்னும் அழகாத் தெரியும், அது நிஜம், ஆனா ஆறாவது படிக்கிற பையனுக்கு வாங்கறீங்கன்னா அழகை விட ரிப்பேர் செலவைப் பாருங்கன்னுதான் சொல்வேன்.

நம்ம ஊருக்குன்னே ஒரு பிரச்சினை இருக்கு, உப்புக்காத்து. சில்வர் பீச் பக்கம், முதுநகர், பாண்டில கடற்கரையை ஒட்டின தெருவுங்க, அங்கிருந்து வர்ற டேப்ல சார்ஜிங் பின்னை லென்ஸ் வச்சுப் பார்த்தா பச்சை பூத்திருக்கும். ஈரக்கையோட சார்ஜர் சொருகாதீங்க, ஜன்னலோரம் வைக்காதீங்க, ஒரு கவர் போடுங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரை ஏறினப்போ, அப்புறம் தென்பெண்ணைல வெள்ளம் வந்தப்போ, நனைஞ்ச டேப் எத்தனை வந்துச்சுன்னு கணக்கே இல்ல. அரிசிக்குள்ள மூணு நாள் புதைச்சு வச்சுட்டு எடுத்துட்டு வந்தாங்க. அரிசியால ஒண்ணும் ஆகாது, அந்த மூணு நாள்ல உள்ள களிம்பு ஏறிடும். நனைஞ்சா உடனே ஆஃப் பண்ணுங்க, தப்பித்தவறி சார்ஜ்ல போடாதீங்க, அன்னிக்கே எடுத்துட்டு வாங்க. தண்ணி போகாதுன்னு ஐபி 68 போட்டு விக்கிறாங்களே, அது நல்ல தண்ணிக்குப் பார்த்த டெஸ்ட், கடல் தண்ணிக்கோ சேறு கலந்த வெள்ளத் தண்ணிக்கோ இல்ல.

பேட்டரி பத்தி ஒண்ணே ஒண்ணு, இதைத் தயவுசெஞ்சு படிங்க. மெத்தை மேல டேபை வச்சு, சார்ஜ் போட்டபடியே ராத்திரி பூரா கிளாஸ் பார்க்கறது வேண்டாம், நம்ம ஊரு சூட்டுக்கு பேட்டரி உள்ளயே வெந்துடும். கொஞ்ச நாள்ல பூரி மாதிரி உப்பி டிஸ்ப்ளேவைத் தூக்கும். போன கோடைல ஒரு வாத்தியார் கொண்டாந்தாரு, ஓரத்துல ஒரு விரல் நுழையிற அளவுக்கு இடைவெளி, அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வச்சு வீட்டுல பாடம் நடத்திட்டிருந்திருக்காரு. நான் வெளிய மணல் வாளியை வச்சுக்கிட்டு, ஒட்டுற பசைல ஸ்பிரிட் விட்டு ஊறவச்சு, பழைய ஏடிஎம் கார்டை மெதுவா உள்ள விட்டு விட்டு எடுத்தேன், அரை மணி நேரம் ஆச்சு, கை நடுங்கக் கூடாது, ஒரு கீறல் பட்டாலும் பத்திக்கும். லேசா இனிப்பு வாசனை வந்துச்சுன்னா கசியுதுன்னு அர்த்தம். உப்பினது தெரிஞ்ச நிமிஷமே நிறுத்திடுங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க.

மத்தது சீக்கிரமா சொல்றேன். வீட்டுல ஃபோன் ஹாட்ஸ்பாட் இருந்தா வைஃபை மாடலே போதும், சிம் மாடலுக்குக் கூடுதலா குடுக்கற காசை 6 ஜிபி ரேமுக்குக் குடுங்க. செகண்ட் ஹேண்ட் சிம் டேப்னா *#06# போட்டு ஐஎம்இஐங்கிற அடையாள நம்பரை எடுத்து, கேஒய்எம்னு இங்கிலீஷ்ல அடிச்சு இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, திருட்டுப் பொருள்னு பிளாக் பண்ணி வச்சிருந்தா தெரிஞ்சுடும். ஐபேட்னா பழைய ஓனரோட அக்கவுண்டை உங்க கண்ணு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. பாண்டில வாங்கினா வரி கம்மின்னு இன்னும் நிறைய பேர் பஸ் ஏறுறாங்க, 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து வரி ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். கடை பெருசு, நாலு மாடலைக் கைல எடுத்துப் பார்க்கலாம்னா போங்க. பில்லுல சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்க, சர்வீஸ் சென்டர் கடலூர்லயோ பாண்டிலயோ இருக்கான்னு கேளுங்க. வாரண்டில இழுத்தடிச்சா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன், தயங்காம போடுங்க.

அந்த அக்கா படி இறங்கிப் போகும்போதுதான் எனக்கு யோசனை வந்து கூப்பிட்டேன். டச் மட்டும்தானே போச்சு, டிஸ்ப்ளே நல்லா இருக்கே, மவுஸை டேபோட சேர்க்கற ஒரு ஓடிஜி கேபிளை மாட்டி கடைல கிடந்த மவுஸைச் சொருகினேன், திரைல அம்புக்குறி வந்துடுச்சு, ஆப் திறக்குது, வீடியோ ஓடுது. உடைஞ்ச ஓரத்துல செல்லோ டேப் ஒட்டிக் குடுத்தேன். அந்தப் புள்ள இப்ப மவுஸை வச்சுத்தான் படிச்சிட்டிருக்கு. பரீட்சை முடிஞ்சதும் வேற ஒண்ணு வாங்கணும், நீயும் கூட வாப்பான்னு அக்கா கேட்டிருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு விட்டுட்டு மூணு பேருமா பாண்டிக்குப் போறதா இருக்கோம்.