குரூப் ஒதுங்குதா? பேரலுக்கும் மரத்துக்கும் நடுவே பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மதுரையில் என்னிடம் .22 ரைபிளைக் கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, சித்திரையில கச்சிதமா விழுந்துச்சு, இப்ப குரூப் ஒரு பக்கமா ஒதுங்குது, பிள்ளைக்குக் கவனம் போச்சு போல." குரூப் என்பது இலக்கு அட்டையில் குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம். பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து ஸ்டாக்கை, அதாவது பேரல் என்கிற குழலைத் தாங்கும் மரக்கட்டையைப் பாருங்கள்.

மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் பெரிதாக மாறாது, குறுக்காகத்தான் உப்பும், மழைக்கு வாசல்கதவு இறுகுகிற மாதிரி. கோடையில் பேரலைத் தொடாமல் இருந்த மரம் இப்போது ஒரு பக்கத்தில் போய் முட்டும். சுடும்போது பேரல் அதிரும். எல்லாக் குண்டுக்கும் ஒரே மாதிரி அதிர்ந்தால் எல்லாம் ஒரே இடத்தில் விழும், மரம் முட்டிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு கெடும், அதுவும் பேரல் சூடேற ஏற அழுத்தமும் மாறிக்கொண்டே போகும். குண்டு வெளியேறும் கணத்தில் 65 செ.மீ. பேரலின் முனை வெறும் 0.13 மி.மீ. விலகினால் போதும், 50 மீட்டரில் அது 1 செ.மீ. ஆகிவிடும். அந்தத் தூரத்து இலக்கு அட்டையில் 10 புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான், நட்டநடுவில் விழவேண்டியது 9-க்குப் போய்விடும். இதில் பிள்ளையின் தவறு எங்கே இருக்கிறது?

சோதிப்பது சுலபம். முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டை (பின்பக்கப் பூட்டை) திறந்து, சேம்பர் (குண்டு உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தைப் பேரலுக்கும் மரத்துக்கும் இடையே முன்னாலிருந்து ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் உலோகப் பகுதி) வரை நகர்த்துங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே முட்டுகிறது. படுத்துச் சுடுகிறவர்கள் ஸ்லிங்கை (கையில் மாட்டும் வாரை) இறுக்கிய நிலையிலும் ஒருமுறை பார்க்கவேண்டும், ஏனென்றால் ஸ்லிங் இழுப்பில் மரத்தின் முன்பகுதி வளையும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

அடுத்தது ஆக்‌ஷனை மரத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ. முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்தும்போது பேரல் மரத்தைவிட்டு மேலே எழும்பினால், ஆக்‌ஷன் சமமாக உட்காரவில்லை, வளைந்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு பெட்டிங் செய்யவேண்டும், அதாவது மரத்தில் எபாக்சிப் பசை ஊற்றி ஆக்‌ஷனைச் சமமாக உட்காரவைக்கவேண்டும். இறுக்குவதும் கைக்கணக்கில் வேண்டாம், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான்.

நீங்களே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். எல்லா ரைபிளிலும் பேரல் தனியாக நிற்கவேண்டும் என்பதில்லை, பழைய .303 லீ என்ஃபீல்டில் மரம் பேரலைத் தாங்குவதே வடிவமைப்பின் பகுதி, அதைச் சுரண்டினால் இருந்ததும் போய்விடும். சுரண்டிய மரத்தை வார்னிஷ் பூசாமல் விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் வேகமாக ஈரம் இழுக்கும். உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள், 1959 ஆயுதச் சட்டம் கேட்பதும் அதைத்தான்.

வேலை முடிந்தபின் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) குண்டை வைத்து, ரைபிளைத் தாங்கியில் வைத்து, வெயில் நாளில் ஓர் அட்டையும் மழை நாளில் ஓர் அட்டையும் சுட்டுத் தேதி எழுதி வையுங்கள். மறுபடி குரூப் நகர்ந்தால் ரைபிளோடு அந்த அட்டைகளையும் கொண்டுவாருங்கள், எங்கே தேடவேண்டும் என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.