மரச்சாமான் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

பழைய மேசை வாங்கலாமா, புதிதாகச் செய்யச் சொல்லலாமா என்று கேட்டுப் பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்களுடைய வீட்டைப் பற்றித்தான். தரைவீடா, அடுக்குமாடியா? வெள்ளிக்கிழமை தரையை நீர் ஊற்றிக் கழுவுகிறீர்களா, துடைத்து விடுகிறீர்களா? படுக்கையறையில் இரவெல்லாம் ஏர்கண்டிஷனர் ஓடுமா? மின்தூக்கியின் கதவு எத்தனை அடி அகலம்? இவை தெரிந்த பிறகுதான் தேக்கா, ரப்பர் மரமா என்ற பேச்சு. பினாங்கில் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பது என் தொழில் என்பதால், பழையதைத்தான் வாங்கச் சொல்வேன் என்று நினைத்து வருகிறார்கள். பல நேரங்களில் புதியதை வாங்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. மரம் அந்த ஈரத்தைக் குடித்து விரிகிறது. குளிரூட்டிய அறையில் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. பழைய தச்சர்கள் இதற்கு இடம் விட்டே வேலை செய்தார்கள். அலமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசை போடாமல் செருகியிருப்பார்கள். தட்டினால் லேசாக ஆடும். அது குறையன்று, பலகை விரியவும் சுருங்கவும் விட்ட இடம். ஒரு குடும்பம் தங்கள் பாட்டியின் தேக்கு அலமாரியை எங்கோ கொடுத்துப் புதுப்பித்திருந்தது. பலகை ஆடுகிறதே என்று அங்கே நாலு பக்கமும் பசையடித்து இறுக்கிவிட்டார்கள். குளிர்காற்று நேராகப் படும் இடத்தில் அலமாரியை வைத்தார்கள். சில மாதங்களில் பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்தது. தலைமுறைகளாக நின்ற மரம் அது. என்னிடம் வந்தபோது பிளவுக்குள் விரல் நுழைந்தது.

புதிய சாமான்களுக்கும் ஈரம்தான் எமன், ஆனால் வேறு வழியில். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையின் விளிம்பில் நீர் பட்டால் அது உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. வாரந்தோறும் தரையைக் கழுவும் வீட்டில், தரையோடு தரையாக உட்காரும் அந்த வகை அலமாரி அடியிலிருந்தே அழுகத் தொடங்குகிறது. அத்தகைய வீட்டுக்குக் கால் வைத்த சாமான்தான் சரி. பழையதோ புதியதோ, குறைந்தது ஒரு சாண் உயரம் வேண்டும். முன்பு சமையலறைகளில் நின்ற கம்பிவலை அலமாரிக்கு உயரமான கால்கள் இருந்ததும், அந்தக் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுத்ததும் வீணான வேலையன்று. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். அங்கே செங்கல் சுவர் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கிறது. எதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

இனி வயது. நூறாண்டைத் தாண்டியதைத்தான் தொன்மைப் பொருள் என்று சுங்க வகைப்பாடு ஏற்கிறது. அந்தக் கணக்கில், வழவழப்பான பிளாஸ்டிக் தகடு ஒட்டிய 1960களின் ஃபார்மிக்கா மேசையும் இரும்புக்கால் நாற்காலியும் வெறும் பழசுதான். அதற்காக மதிப்பில்லாமல் போய்விடவில்லை. சிறிய சமையலறைக்கு அந்த ஃபார்மிக்கா மேசையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது: துடைத்தால் போதும், குழம்புக்கறை பிடிக்காது. கோப்பிக்கடைப் பளிங்கு மேசை அப்படியில்லை. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சற்று நேரம் நின்றால் பளிங்கின் மெருகு போய் வெளுத்த தடம் விழும். சாப்பாட்டு மேசையாக்க ஆசைப்படுபவர்கள் இதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போது பளிங்கைத் தனியே கழற்றி நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே முறியக்கூடும்.

பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலும் நல்ல பொருள்கள் கிடைக்கின்றன. “நூறு வருஷத்துப் பொருள்” என்ற வாய்ச்சொல்லும் தாராளமாகக் கிடைக்கிறது. முன்பக்கச் செதுக்கலைப் பார்த்து மயங்க வேண்டாம். இழுப்பறையை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். உண்மையில் பழையதென்றால் அடிப்பலகைக்குப் பாலிஷே இருக்காது. காற்றுப் பட்ட பகுதி பழுப்பாகவும் மறைந்திருந்த பகுதி வெளிறியும் இருக்கும். போலியில் உள்ளும் புறமும் ஒரே கருஞ்சாயம் பூசியிருப்பார்கள். இழுப்பறையின் மூலையில் பலகைகள் பல்லோடு பல் கோத்திருக்கின்றனவா, ஆணியடித்து நிற்கின்றனவா என்று பாருங்கள். பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டால் கையால் அறுத்தவை. திருகாணியின் தலையையும் விடாதீர்கள்: கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணி 1930களின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தையது என்று சொல்லப்படும் அலமாரியின் எல்லா மூட்டிலும் அதுவே இருந்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். வட்ட மேசையென்றால் அளவு நாடாவை எடுங்கள். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். ஆகவே பல்லாண்டு கண்ட முழுமர வட்ட மேசையை இரு திசையிலும் அளந்தால் சில மில்லிமீட்டராவது வேறுபடும்.

தேய்மானம் எங்கே விழுந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கால் பதியும் குறுக்குச்சட்டம், கை படும் கைப்பிடி, நகர்த்தி நகர்த்தித் தேய்ந்த காலடி ஆகியவைதான் தேய வேண்டிய இடங்கள். எங்கும் ஒரே சீராகச் சிராய்ப்பு இருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

பூச்சியைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன், ஏனென்றால் ஒரு நாற்காலி ஒரு வீட்டையே கெடுத்துவிடும். துளைக்குக் கீழே மாவாகத் தூள் கொட்டினால் வண்டு. கசகசா போன்ற சிறு மணிகள் உதிர்ந்து கிடந்தால், உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். மண்ணிலிருந்து ஏறும் கறையான் மண்குழாய் கட்டும். வாங்கிய எதையும் நேராக வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். முன்வாசலிலோ பால்கனியிலோ வெள்ளைத்தாள் விரித்து அதன்மேல் சில வாரங்கள் நிறுத்தி வையுங்கள். தாளில் புதுத்தூள் விழுந்தால் பூச்சிக்கட்டுப்பாட்டாளரைக் கூப்பிடுங்கள். மண்ணெண்ணெய் பூசினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீ அபாயம்தான் கூடும்.

ரப்பர் மரம் என்றதும் முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம். நம் முன்னோர்கள் தோட்டங்களில் பால் வெட்டிய அதே மரம் அது. ஏறக்குறைய 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டப்படும். ஒரு காலத்தில் விறகாகவே எரிந்தது. இன்று ஜொகூரின் மூவாரிலிருந்து வரும் மேசை நாற்காலிகளில் நிறைய அதில் செய்தவை. பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் மருந்தேற்றிச் சரியாக உலர்த்திய ரப்பர் மரம் வீட்டுக்குள் உறுதியாக நிற்கும்; மழைபடும் இடத்துக்கு ஆகாது. அங்கே செங்கால் என்னும் கடின மரம்தான். கையில் காசு குறைவாக உள்ள இளம் தம்பதியருக்கு நல்ல ரப்பர் மரச் சாப்பாட்டு மேசையையே சொல்கிறேன். சந்தேகமான ‘தொன்மை’ மேசையைவிட அது எவ்வளவோ மேல்.

கட்டில் வாங்குபவர்கள் மெத்தையை மறந்துவிடுகிறார்கள். இங்கே கடையில் கிடைக்கும் குயீன் மெத்தை 152 சென்டிமீட்டர் அகலம், 190 சென்டிமீட்டர் நீளம். பழைய கட்டில்கள் அவரவர் தச்சரின் அளவில் செய்தவை. அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயின்ட் அடித்த பழைய தொட்டில் கட்டிலில் குழந்தையைக் கிடத்தவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தை விளிம்பைக் கடிக்கும். அந்தப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்துச் சுரண்டினால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். கம்பிகளின் இடைவெளி ஆறு சென்டிமீட்டரைத் தாண்டினால் உடம்பு நழுவித் தலை சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது தேக்கு அலமாரியைப் பழைய சாமான் லாரியில் ஏற்றிவிட்டு, தவணையில் தூள்பலகை அலமாரி வாங்கும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். விற்பதற்கு முன் ஒரு தச்சரிடம் காட்டுங்கள். கால் உடைந்ததும் கதவு தொங்குவதும் பெரும்பாலும் சீர்செய்யக்கூடியவையே. உயரம் அதிகமென்றால் கழற்றி மாடிக்கு ஏற்றலாம். பழைய பெரிய அலமாரிகள் பல பகுதி பகுதியாகக் கழலும்படியே செய்யப்பட்டவை. புதுப்பிக்கக் கொடுக்கும்போது நடுப்பலகைக்குப் பசை வேண்டாம் என்றும், உட்புறத்தைத் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்பூச்சு இளகினால் அது அரக்குப் பாலிஷாக இருக்கலாம். சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மறுபடி அரக்குப் பாலிஷ் ஏற்றலாம். செலவும் குறையும், மரத்தின் பழைய நிறமும் தங்கும்.