செத்த பதிவுக்காகக் காத்திருக்கும் சர்வர்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நெட்வொர்க் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் கண்காணிப்புத் திரையில் பாதி ஸ்விட்சுகள் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் கருவிகள்) சிவப்பு. விசாரித்தால், ஒரே கருவி பலமுறை பதிவாகிக் கிடந்ததுதான் காரணமாம். பட்டியலில் நாலு பெயர் கூடுதலாக இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்?"

நாலு இருந்தால் முழுகாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் முழுகும்.

கண்காணிப்பு சர்வர் தன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியையும், பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, எஸ்என்எம்பி (SNMP) என்ற கேள்வி-பதில் முறை வழியாக நலம் விசாரிக்கும். ஒரு ரவுட்டருக்குப் பல ஐபி முகவரிகள் இருக்கும் அல்லவா? கருவிகளைத் தானாகத் தேடும் நிரல் ஏமாந்தால், முகவரிக்கு ஒன்றாகப் பதிந்துவிடும். கருவியின் முகவரி மாறினால் புதுப் பதிவு ஒன்று வரும். பழையதை அழிக்க யாருக்கும் ஞாபகம் வராது.

முகவரி உயிரோடு இருந்தால் கருவிக்கு இரட்டை வேலை, அவ்வளவுதான். வேடிக்கையே செத்துப்போன முகவரியில்தான் இருக்கிறது.

எஸ்என்எம்பி கேள்விகள் வழக்கமாக யுடிபி (UDP) என்ற அனுப்பும் முறையில் போகின்றன. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று யுடிபி பார்ப்பதில்லை. பதில் வரவில்லையா? கருவி அணைந்திருக்கலாம், கேள்வி வழியில் தொலைந்திருக்கலாம், பதிலே தொலைந்திருக்கலாம், கருவி வேறு வேலையில் மூழ்கியிருக்கலாம். சர்வருக்கு எல்லாம் ஒரே மௌனம்தான். அதனால் காத்திருக்கிறது, மறுபடி கேட்கிறது. பரவலாகப் புழங்கும் நெட்-எஸ்என்எம்பி என்ற மென்பொருளின் இயல்பான அமைப்பு 1 நொடி காத்திருப்பு, 5 மறுமுயற்சி. மொத்தம் 6 நொடி! உயிருள்ள கருவி பல சமயம் சில மில்லிநொடிகளிலேயே பதில் சொல்லிவிடும். ஆக, இல்லாத கருவிதான் சர்வரின் நேரத்தை அதிகம் தின்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே சமயத்தில் 16 நிரல்கள் விசாரிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 300 நொடிச் சுற்றில் அவற்றிடம் இருப்பது 4,800 நொடி. 800 செத்த பதிவுகள், ஆளுக்கு 6 நொடி: அதுவும் 4,800. உயிரோடு இருக்கும் கருவிகளுக்கு மிச்சம் பூஜ்யம். அவற்றின் முறை வருவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். வரைபடத்தில் ஓட்டை விழும். குறித்த நேரத்துக்குள் தகவல் வராததைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். அந்த ஸ்விட்ச் பதில் சொல்லாமல் இல்லை. அதை யாரும் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் "பெரிய சர்வர் வாங்குவோம்" என்று கிளம்புவார்கள். என்னைக் கேட்டால் வீண் செலவு. காத்திருக்கும் நேரத்தில் பிராசஸர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. வேகமான பிராசஸரும் அதே 6 நொடிதான் உட்காரும். ரீஸ்டார்ட் இன்னொரு மூடநம்பிக்கை. தேங்கிய வரிசை காலியாவதால் திரை கொஞ்ச நேரம் பச்சையாகும், அப்புறம் பழைய கதைதான்.

சரி, உண்மையான வைத்தியம்? முகவரியை அடையாளமாகக் கொள்ளாமல், தயாரிப்பாளர் கருவிக்குக் கொடுத்த வரிசை எண்ணை (சீரியல் நம்பர்) வைத்துப் பதிவுகளை ஒன்றாக்க வேண்டும். எஸ்என்எம்பியின் 3ஆம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் என்ஜின் ஐடி என்று ஓர் அடையாளம் உண்டு, அதுவும் உதவும். ஆனால் ஒரே நகலிலிருந்து உருவாக்கிய மெய்நிகர் கணினிகள் சில சமயம் ஒரே ஐடியோடு வந்து நிற்கும். அதை மட்டும் நம்பினால் இரண்டு உண்மையான கருவிகளில் ஒன்று பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும்.