பேசாத பிள்ளையின் கலக்கத்தை ஆய்வுகள் எவ்வளவு அறிந்திருக்கின்றன?

ஆட்டிசம் உள்ள பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் முதலில் சொல்லும் குறை "பேச்சு வரவில்லை" என்பதாக இருக்கும். பிள்ளைக்கு ஆறேழு வயது கடந்துவிட்டால் அந்த வரிசை மாறிவிடுகிறது. வேலூரைச் சுற்றியுள்ள குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, அணைக்கட்டு என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், "திடீரென்று கத்துகிறான், தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான், சமாதானப்படுத்தவே முடியவில்லை" என்பதுதான் முதற்பேச்சு. மருத்துவ உளவியலாளராக இதை வாரந்தோறும் கேட்கிறேன். குடும்பத்தை வீட்டுக்குள் முடக்குவதும், பள்ளியிலிருந்து பிள்ளையைத் திருப்பி அனுப்ப வைப்பதும், தாய் வேலையை விடும் நிலைக்குக் கொண்டுவருவதும் பெரும்பாலும் இந்தச் சிரமமே. ஆனால் நோயறிதலுக்கு நாங்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு, 2013இல் வெளிவந்தபோது ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கான மிகையான அல்லது குறைவான எதிர்வினைகளை ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்துக்கொண்டதே தவிர, உணர்ச்சிகளைச் சீராக்கிக்கொள்வதில் உள்ள சிரமத்தைச் சேர்க்கவில்லை.

இது யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயமன்று. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதற்கட்டுரையிலேயே, இரைச்சலிடும் இயந்திரங்களைக் கண்டு நடுங்கிய பிள்ளைகளும், வழக்கத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் நிலைகுலைந்த பிள்ளைகளும் இடம்பெற்றிருக்கிறார்கள். இருந்தும் அந்த நடுக்கம் நெடுங்காலம் "நடத்தைப் பிரச்சினை" என்ற தலைப்பின் கீழேயே வைக்கப்பட்டது. பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் முறையாகத் திரும்பினார்கள்; திரும்பியவர்களும் பெரும்பாலும் பேசத் தெரிந்த பிள்ளைகளிடமே போனார்கள்.

இதற்குச் சான்று உண்டு. ஆட்டிசம் பற்றிய ஆய்விதழ்களில் 2016ஆம் ஆண்டு வந்த கட்டுரைகளை எடுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, அவற்றில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94 விழுக்காட்டினர் அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்கள் என்று 2019இல் தெரிவித்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பேச்சு வராமலோ சில சொற்களோடோ வளர்கிறார்கள் என்பதை இதற்கருகில் வைத்துப் பார்த்தால், எந்தப் பிள்ளைகளைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகத் தெரியும் என்பது விளங்கும். உணர்ச்சிச் சீராக்கம் குறித்துப் பரவலாக எடுத்தாளப்படும் உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் கோட்பாடு (1998), ஒருவர் சூழ்நிலையைத் தேர்வதையும் கவனத்தைத் திருப்புவதையும் நடந்ததை வேறு விதமாக எண்ணிப் பார்ப்பதையும் படிநிலைகளாக விளக்குகிறது. "வேறு விதமாக எண்ணிப் பார்த்தாயா?" என்று கேட்டுப் பதில் பெற, எதிரே இருப்பவருக்குச் சொல் வேண்டும். பயிற்சித் திட்டங்களும் பெரும்பாலும் அப்படிப் பதில் சொல்லக்கூடியவர்களுக்காகவே உருவாக்கப்பட்டவை. என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு அவற்றின் முதற்பக்கத்தைக்கூட அப்படியே பயன்படுத்த முடிவதில்லை.

பிள்ளையைக் கேட்க முடியாதபோது பெரியவர்களைக் கேட்கிறோம். ஆட்டிசம் ஆய்வாளர் கார்லா மசெஃப்ஸ்கியின் குழுவினர் 2018இல் வெளியிட்ட உணர்ச்சிக் குலைவு வினாப்பட்டியல் இவ்வகையில் பெரிய முன்னேற்றம். பேசாத பிள்ளைகளையும் மனத்தில் வைத்து அது உருவாக்கப்பட்டது. ஆயினும் அதுவும் கடந்த ஏழு நாட்களில் கண்ணுக்குத் தெரிந்ததைப் பராமரிப்பவர் சொல்லக் கேட்டு எழுதுவதுதான். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. உணர்ச்சி பற்றிய பகுதியில், வெளிப்படையான காரணமின்றிக் கிளர்ச்சியடைவது என்ற பொருளில் ஒரு கூறு உண்டு. காரணம் யாருக்கு வெளிப்படையாக இல்லை என்பதை அந்தக் கூறு கேட்பதில்லை. மதிப்பெண் பிள்ளையின் மீது ஏறுகிறது.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறுவனின் தாய் தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். படிவத்தை நிரப்பியவர் அவர்தான். "எதுவும் முன்கூட்டித் தெரியாது, எல்லாம் திடீரென்றுதான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, அதாவது சிறுவனின் பாட்டி, குறுக்கிட்டார்: "அப்பிடி இல்லம்மா. மொதல்ல காது மடல் செவக்கும். அப்பறம் என் முந்தானைய எடுத்து வெரல்ல சுத்துவான், அவுப்பான், திரும்பச் சுத்துவான். அப்பவே வெளிய திண்ணைக்குக் கூட்டினு போயிட்டா ஒண்ணும் ஆவாது. மிக்ஸி போட்டுட்டா போச்சு." பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் ஆயாதான். அவர் சொன்னதில் முன்னறிகுறி இருந்தது, தூண்டுதல் இருந்தது, பிள்ளை தானாகவே தன்னைத் தணித்துக்கொள்ளச் செய்த முயற்சியும் இருந்தது. தாய் நிரப்பிய படிவத்தில் இவற்றில் எதற்கும் கட்டம் இல்லை.

உடலையே அளந்துவிடலாமே என்ற எண்ணம் நியாயமானது. மணிக்கட்டில் கட்டும் உணர்கருவி தரும் இதயத்துடிப்பு, தோலின் வியர்வை, அசைவு ஆகிய பதிவுகளைக் கொண்டு, பிள்ளை பிறரைத் தாக்குவதை ஒரு நிமிடம் முன்பே ஓரளவு கணிக்கலாம் என்று அமெரிக்க மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 20 இளையோரிடம் நடத்திய ஆய்வு 2019இல் காட்டியது. நம்பிக்கை தரும் தொடக்கம்தான் அது. ஆனால் கத்திரி வெயிலில் வேலூரில் மின்விசிறி மட்டும் சுழலும் ஓர் ஓட்டு வீட்டில், பதற்றத்தால் வந்த வியர்வையையும் வெக்கையால் வந்த வியர்வையையும் அந்தக் கருவி எப்படிப் பிரித்தறியும்? குளிரூட்டிய அறையில் கிடைத்த முடிவை இங்கே கொண்டுவரும் முன் இங்கேயே அளந்து பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில்தான் பள்ளி விடுமுறையால் தினசரி வழக்கமும் குலைகிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின் மேளமும் கூட்டமும் வைகாசி முதல் நாளன்று வருகின்றன. வெப்பம், தூக்கக் குறைவு, ஒலி மூன்றும் ஒன்றுசேரும் இந்த வாரங்களில் நம் பிள்ளைகளின் உணர்ச்சி நிலையைத் தொடர்ந்து பின்பற்றும் ஆய்வு ஒன்றை நான் பெரிதும் விரும்புகிறேன்.

இன்னொரு இடைவெளி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சிறு பிள்ளை தானாகத் தணிவதில்லை. பெரியவர் ஒருவரின் துணையோடுதான் தணிகிறது. இந்தக் கூட்டுச் சீராக்கத்தைப் பற்றி ஆய்வுகள் உண்டு என்றாலும், பெரும்பாலும் ஒரு தாயும் ஒரு பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவதைப் படம்பிடித்துச் செய்தவை. நம் வீடுகளில் ஆயா, சித்தப்பா, அண்ணன், எதிர்வீட்டு அக்கா என்று நாலைந்து பேர் மாறி மாறித் தணிக்கிறார்கள், சிலர் தெரியாமல் கிளறியும் விடுகிறார்கள். ஒருவரிடம் அடங்கும் பிள்ளை இன்னொருவரிடம் ஏன் அடங்குவதில்லை? அந்த ஆயா இல்லாத நாளில் பிள்ளை எதைப் பற்றிக்கொள்கிறது? இதை ஆராய வேலூரைப் போல் பொருத்தமான ஊர் குறைவு. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்யும் முறையை 1950களிலேயே தொடங்கியது. குடும்பத்தைச் சிகிச்சையின் உள்ளே வைத்துப் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதன்று.

அமைதியாக இருக்கும் பிள்ளைகளையும் இங்கே சேர்த்தாக வேண்டும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை. வகுப்பில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டு வாசலை மிதித்ததும் உடைந்து அழும் சிறுமியைப் பள்ளி "நல்ல பிள்ளை" என்று எழுதுகிறது. வெளியே தெரியும் கொந்தளிப்பை மட்டும் எண்ணும் அளவுகோலும் அவளுக்கு அதே மதிப்பைத்தான் தரும்.

மருந்து பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். ரிஸ்பெரிடோனுக்கு 2006இலும் அரிப்பிப்ரசோலுக்கு 2009இலும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் எரிச்சல் நிலைக்காக (கடுங்கோபம், தாக்குதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளல் போன்றவற்றுக்காக) அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அவை பேருதவி. மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. ஆனால் அந்தச் சோதனைகளும் பராமரிப்பவர் கண்ட நடத்தை குறைந்ததையே முதன்மையாக அளந்தன. உள்ளே இருந்த தவிப்பு தணிந்ததா, அதை வெளிக்காட்டும் வேகம் மட்டும் குறைந்ததா என்பது அந்த அளவுகளில் தெரியாது.

ஆய்வுகள் வந்து சேரும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நோட்டில், கலக்கம் வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தை எழுதுங்கள்: எங்கே இருந்தான், என்ன சத்தம், யார் பக்கத்தில், கடைசியாக எப்போது சாப்பிட்டான், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினான், மலம் கழித்து எத்தனை நாள், உடலில் முதலில் எது மாறியது. பல்வலி, மலச்சிக்கல், காதுவலி, நெஞ்செரிச்சல், வலிப்பு ஆகியவற்றைப் பேசாத பிள்ளை கத்தலாகத்தான் சொல்லும். புதிதாகத் தொடங்கிய கலக்கமாக இருந்தால் நடத்தைப் பயிற்சிக்கு முன்பே குழந்தை மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். நோட்டை எழுதுகிறவர், பிள்ளையோடு பகலில் அதிக நேரம் இருப்பவராக இருக்கட்டும். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்லச் சொல்லக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.